கொடுத்து வைத்த விதை

சுக்கினியை நாம் சாப்பிடுவது அது முழுக் காயாக ஆவதற்கு முன்பே. பெண் பூ மலர்ந்து நாலைந்து நாளில், ஒரு சாண் நீளம் வருவதற்குள் பறித்துவிட வேண்டும். அப்போது உள்ளே விதை என்று ஒன்று இருக்கும், ஆனால் அது வெறும் தோல். மண்ணில் போட்டால் அழுகும். அதே காயை விதைக்கு விடுவதென்றால் செடியிலேயே ஆறு முதல் எட்டு வாரம் கிடக்க வேண்டும். முழங்கை அளவுக்குப் பருத்து, தோலில் நகம் இறங்காத அளவுக்குக் கட்டியாகிவிடும். கறிக்கு ஆகாது. இன்னொன்றும் உண்டு. ஒரு காய் முற்றத் தொடங்கியதும் செடி புதிதாகப் பிஞ்சு விடுவதைக் குறைத்துக்கொள்ளும். அதன் கணக்கில் வேலை முடிந்தது, வாரிசு வந்துவிட்டது. ஆக, விதை வேண்டும் என்பவர் ஒரு காயை மட்டும் இழப்பதில்லை. அந்தச் செடி இனிமேல் தரவிருந்த பல காய்களையும் சேர்த்து இழக்கிறார்.

தோட்டம் போடுகிறவர்களுக்கு இது சாதாரணத் தகவல். எனக்கு இது ஒரு பழைய கேள்வியைக் கிளப்பிவிட்டது. நாளைக்கு என்று எடுத்து வைக்கும் விதைக்கும், இன்றைக்குப் பசிக்கும் வயிற்றுக்கும் நடுவில் எதன் பக்கம் நிற்பது நியாயம்?

நான் இருப்பது ஆயர் தாவாரில். பேராக்கின் மஞ்சோங் மாவட்டத்தில், சித்தியவானை அடுத்த சின்னப் பட்டணம். மலாய்ப் பெயருக்கு உப்பில்லாத தண்ணீர் என்று பொருள். கடலும் டிண்டிங் ஆற்றின் முகத்துவாரமும் தூரமில்லை என்பதால், நல்ல தண்ணீர் கிடைத்ததையே ஊர்ப் பெயராக்கியிருக்க வேண்டும் என்று நானாக நினைத்துக்கொள்வேன். வெயில் வந்தால் கொளுத்தும், மழை வந்தால் கொட்டும். சுக்கினி இதற்குப் பிறந்த செடி இல்லை. அதன் மூதாதையர் மெக்சிகோக்காரர்கள். இன்று நாம் பார்க்கும் பச்சைக் காய் இத்தாலியில் உருவான ரகம். மலேசியக் கடைகளுக்கு அது கேமரன் மலையின் குளிரிலிருந்து இறங்கி வருகிறது.

இருந்தாலும் போட்டுப் பார்த்தேன். பாலிபேக்கில் விதையைப் பக்கவாட்டில் செருகி வைத்தால் ஐந்தாறு நாளில் முளைக்கிறது. நம்மூர்ச் சூட்டில் ஆண் பூவாகவே பூத்துத் தள்ளுகிறது. பெண் பூ வந்தால் விடிகாலையில் நாமே மகரந்தத்தைத் தொட்டு வைக்க வேண்டும், வெயில் ஏறினால் பூ மூடிக்கொள்ளும். அதையும் தாண்டினால் இலையில் வெள்ளைப் பூஞ்சை, காயில் பழ ஈ. பாகற்காய்க்குச் சுற்றுவது போல ஒவ்வொரு பிஞ்சுக்கும் பேப்பர் சுற்றணும். இத்தனைக்குப் பிறகு வருகிற காயை நறுக்கிச் சாம்பாரில் போட்டால், வீட்டில் உள்ளவர்கள் சொல்வது ஒன்றுதான்: "இதுக்குச் சுரக்காயே போட்டிருக்கலாமே."

உண்மைதான். இரண்டும் ஒரே குடும்பம், ருசியிலும் பக்கம் பக்கம்தான். இரண்டையும் பிஞ்சில்தான் சாப்பிடுகிறோம். ஆனால் ஒரு வித்தியாசம். என் சுக்கினி விதைப் பாக்கெட்டின் பின்பக்கம் எஃப்1 என்று அச்சடித்திருந்தது. இரண்டு வெவ்வேறு தாய் தகப்பன் வரிசைகளைக் கலந்து எடுத்த முதல் தலைமுறை வீரிய விதை. அதன் காயை முற்றவிட்டு விதை எடுக்கலாம், முளைக்கவும் செய்யும். ஆனால் பிள்ளை தாயைப் போல இருக்காது. ஒன்று நீளம், ஒன்று குட்டை, ஒன்று காய்க்கவே காய்க்காது. அதனால் ஒவ்வொரு முறையும் புதுப் பாக்கெட் வாங்குவதுதான் வழி. எந்தக் காயைப் பறிக்காமல் விடுவது என்ற கேள்வியே அங்கே எழாது. எல்லாவற்றையும் பறித்துச் சாப்பிடலாம்.

அது ஒரு விடுதலையா, அல்லது நாம் எதையோ தொலைத்துவிட்டோமா? இந்த இடத்தில்தான் எனக்குப் பாட்டியின் சுரைக்கொடி குறுக்கே வருகிறது.

*

தோட்டத்து லயங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு மண், கோழிக்கூடு, அதன் மேல் ஒரு சுரைக்கொடியோ பீர்க்கங்கொடியோ கட்டாயம் படர்ந்திருக்கும். பாட்டி முதல் காயை விதைக்கு விடமாட்டார். கடைசிக் காயையும் விடமாட்டார். கொடி நல்ல தெம்பில் இருக்கும்போது, நடுவில் பிடித்த ஒரு காயைத் தேர்ந்தெடுத்து அதன் காம்பில் பழைய சேலைக் கிழிசல் ஒன்றைக் கட்டிவிடுவார். "அது வெதைக்கி. யாரும் கை வைக்காதீங்க." அவ்வளவுதான் சட்டம். மாசக் கடைசியில் கையில் காசில்லாமல் குழம்புக்கு என்ன போடுவது என்று தடுமாறும் நாளிலும் அந்தத் துணி கட்டிய காய் கண் முன்னால் தொங்கிக்கொண்டிருக்கும்.

முற்றிக் காய்ந்த சுரைக்காய் மரம் போல ஆகிவிடும். ஆட்டினால் உள்ளே விதை கலகலக்கும். கழுத்தில் ஓட்டை போட்டு விதையை எடுத்துச் சாம்பலில் புரட்டிக் காயவைத்த பிறகு, அந்தக் குடுக்கையே மற்ற விதைகளுக்கும் பாத்திரமாகும். அடுப்புக்கு மேலே புகை படும்படி தொங்கவிட்டால் பூச்சி அண்டாது.

இதில் நான் கவனிக்கச் சொல்வது ஒன்று. அந்த மண் அவர்களுடையது இல்லை. லயம் தோட்ட நிர்வாகத்துடையது, பின்கட்டும் அதனுடையதுதான். வேலை போனால் வீடு போகும், வீடு போனால் கொடியும் போகும். 1950களிலும் 60களிலும் பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு இதுதான் நடந்தது. சுங்கை சிப்புட்டிலிருந்து வந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பால் மரம் வெட்டியவர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார். அது ஒரு பெரிய பதில். ஆனால் எல்லாரையும் எட்டிய பதில் இல்லை. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையோடு வேறு நாட்டுத் தொழிலாளிகள் வந்தார்கள், நம் ஆட்கள் தாமானுக்கும் மலிவு விலை அடுக்ககத்துக்கும் போனார்கள்.

சொந்த மண் இல்லாத ஒரு பெண், அடுத்த வருஷம் இதே இடத்தில் இருப்போமா என்று தெரியாத ஒரு பெண், எதற்காக ஒரு காயைப் பறிக்காமல் விடுகிறாள்? அது நம்பிக்கையா, பழக்கமா, அசட்டுத்தனமா? நிலம் உள்ளவனுக்கு விதை என்பது முதலீடு. நிலம் இல்லாதவளுக்கு அது என்ன?

*

விதையா பசியா என்ற கேள்விக்கு வரலாற்றில் ஒரு பதிலும் நம் புராணத்தில் ஒரு பதிலும் இருக்கின்றன. இரண்டும் ஒன்றுக்கொன்று நேரெதிர்.

முதலாவது லெனின்கிராட். தாவர விஞ்ஞானி நிக்கோலாய் வவிலோவ் உலகம் முழுக்கச் சுற்றிச் சேகரித்த விதைகள் அங்கே ஒரு ஆய்வுக் கூடத்தில் இருந்தன. 1941 செப்டம்பரில் ஜெர்மானியப் படை நகரத்தை முற்றுகையிட்டது. 1944 ஜனவரி வரை அது நீடித்தது. பசியிலும் குளிரிலும் லட்சக்கணக்கான பேர் செத்தார்கள். அந்தக் கூடத்தில் அரிசி இருந்தது, கோதுமை இருந்தது, கடலை இருந்தது. காவலுக்கு நின்ற ஊழியர்கள் அதைத் தொடவில்லை. அவர்களில் பலர் பட்டினியில் இறந்தார்கள். அரிசிச் சேகரிப்பைக் கவனித்துக்கொண்டிருந்த திமித்ரி இவானோவ் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் பசியால் செத்தார். வவிலோவோ அதற்கு முன்பே, 1940இல், ஸ்டாலின் அரசால் கைது செய்யப்பட்டிருந்தார். 1943 ஜனவரியில் சரத்தோவ் சிறையில் அவரும் உடல் நலிந்து இறந்தார். அந்தச் சேகரிப்பு பிழைத்தது. போருக்குப் பிறகு பல பயிர் ரகங்கள் அதிலிருந்து உருவாயின.

இரண்டாவது இளையான்குடி மாற நாயனார். சேக்கிழார் பெரிய புராணத்தில் சொல்லும் கதை நமக்குக் கோயில் திருவிழாப் பேச்சுகளில் பழக்கமானதுதான். அடியாருக்குச் சோறு போட்டே செல்வம் அழிந்து வறுமையில் இருப்பவர். ஒரு மழை ராத்திரியில் ஓர் அடியார் பசியோடு வருகிறார். வீட்டில் ஒரு பிடி அரிசி இல்லை. அன்று பகலில்தான் வயலில் விதை நெல் விதைத்திருக்கிறார். இருட்டில் போய், மழைத் தண்ணீரில் மிதந்த அந்த முளை நெல்லை வாரிக் கூடையில் கொண்டு வருகிறார். விறகு இல்லையென்று கூரைக் கழியை அறுத்துப் போடுகிறார். கொல்லையில் வளராத கீரையைப் பறித்துக் கொடுக்க, மனைவி அதிலேயே விதவிதமாகக் கறி சமைக்கிறார். சாப்பிடக் கூப்பிட்டபோது வந்தவர் சிவனாக மறைந்து சோதியாகத் தெரிந்தார் என்பது முடிவு.

ஒருவர் விதைக்காக உயிரை விட்டார். இன்னொருவர் விருந்தாளிக்காக விதையை விட்டார். எது சரி? சின்ன வயதில் இரண்டையும் தனித்தனியாகக் கேட்டால் இரண்டுமே உயர்ந்ததாகத் தோன்றும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று மற்றொன்றைக் குற்றம் சொல்கிறது. இவானோவின் கண்ணில் மாறனார் பொறுப்பில்லாதவர். மாறனாரின் கண்ணில், கண் முன்னால் பிள்ளைகள் பசியில் சாகும்போது மூட்டையைக் காத்தவன் கல்மனசுக்காரன். சிவன் வந்து காப்பாற்றாத வீடாக இருந்திருந்தால், அடுத்த அறுவடைக்கு மாறனாரின் மனைவி என்ன செய்திருப்பார்?

அந்த மனைவியைத்தான் நாம் அதிகம் கவனிப்பதில்லை. விதை நெல்லை வாரிக்கொண்டு வரலாம் என்ற யோசனையே அவருடையது. அதைச் சொல்வதற்கு முன் அவர் ஒரு காரணம் சொல்கிறார்: வீட்டில் ஒன்றுமில்லை, அக்கம்பக்கத்தில் இனி நமக்குத் தருவார் யாருமில்லை, நேரமும் போய்விட்டது, வேறு போக்கிடம் இல்லை.

இனித் தருவார் இல்லை. மாறனாரின் தியாகத்தைப் பார்த்துக் கண் கலங்கும் நமக்கு இந்த வார்த்தை காதில் விழுவதே இல்லை. கொடுத்துக் கொடுத்தே ஏழையான ஒருவரின் வீட்டைச் சுற்றிலும் மூடிய கதவுகள். அந்த ராத்திரி யாரோ ஒருவர் ஒரு படி அரிசி தந்திருந்தால், விதை மண்ணிலேயே இருந்திருக்கும், விருந்தாளியும் சாப்பிட்டிருப்பார். விதையா பசியா என்ற கொடுமையான தேர்வு மாறனாரின் முன்னால் வந்தது அவருடைய குணத்தால் அல்ல. அந்த ஊரால்.

லெனின்கிராடுக்கும் இது பொருந்தும். ஒரு நகரம் முழுவதையும் ஒரு படை பூட்டி வைத்தது, உலகத்தின் விதைகளில் பலவும் ஒரே கட்டடத்துக்குள் இருந்தன. வேறெங்கும் இல்லாத ரகம் என்றால் காவலாளி உயிரைக் கொடுத்தாவது காக்க வேண்டியிருக்கிறது. அதே ரகம் நூறு ஊரில், ஆயிரம் அடுப்படியில் தொங்கிக்கொண்டிருந்தால்? அப்போது இவானோவ் தைரியமாக அந்த அரிசியைக் கஞ்சி வைத்துக் குடித்திருக்கலாம்.

எனக்குத் தோன்றுவது இதுதான். விதையைக் காப்பதா, பசித்தவனுக்குக் கொடுப்பதா என்பது நாம் பதில் சொல்ல வேண்டிய முதல் கேள்வி அல்ல. அந்தக் கேள்வி ஒருவரின் முன்னால் வந்து நிற்கிறது என்றால், அதற்கு முன்பே எங்கேயோ பகிர்வு நின்றுபோயிருக்கிறது. நம் கடமை அதற்கு முந்தைய நாளில் இருக்கிறது.

*

இது ஏட்டுச் சுரைக்காயாகப் போய்விடக்கூடாது என்பதால் மறுபடி நிஜச் சுரைக்காய்க்கே வருகிறேன்.

நாங்கள் லயத்தை விட்டுத் தாமானுக்கு வந்த பிறகு பாட்டியின் சுரை எங்கள் வீட்டில் இல்லாமல் போயிற்று. பின்பக்கம் முழுக்க சிமெண்டு. குடுக்கையில் இருந்த விதை ஈரம் பட்டுப் பூத்துவிட்டது. பாட்டியும் போய்ச் சேர்ந்தார். பல வருஷம் கழித்து, 2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து எல்லாரும் வீட்டில் அடைபட்டு, மண்ணும் பாலிபேக்கும் தேடி அலைந்தோமே, அந்தச் சமயத்தில் அத்தையிடம் போனில் கேட்டேன். அவர் வாழ்க்கைப்பட்டுப் போனபோது பாட்டி விதை கொடுத்து அனுப்பியது எனக்குத் தெரியும்.

"இருக்கு. ஆனா இது நான் கொண்டாந்த வெத இல்ல. என் வூட்டுலயும் ஒரு தடவ மொத்தமா செத்துப் போச்சு. பக்கத்து வூட்டுச் சீன ஆன்ட்டிகிட்ட நான் முன்னாடியே குடுத்து வச்சிருந்தேன். அவங்ககிட்ட கேட்டு வாங்கித்தான் மறுபடி போட்டேன்."

1903இல் ஃபூச்சாவிலிருந்து கப்பலேறிச் சித்தியவான் வந்து இறங்கிய குடியேறிகளின் வழியில் வந்தவர் அந்த ஆன்ட்டி. எங்கள் பாட்டியின் சுரையை அவர் பன்றி எலும்பு சூப்பில் போட்டுச் சமைத்திருப்பார். அதனாலென்ன. விதை பிழைத்தது அங்கேதான்.

குடுத்து வச்சிருந்தேன். அத்தை சாதாரணமாகச் சொன்ன வார்த்தை. தமிழில் நாம் இதை வேறு அர்த்தத்தில் தினமும் சொல்கிறோம். நல்ல புருஷன் அமைந்தால் கொடுத்து வைத்தவள், நல்ல சாவு வந்தால் கொடுத்து வைத்தவர். போன பிறவியில் தானம் கொடுத்து வைத்ததால் இந்தப் பிறவியில் கிடைக்கிறது என்பது அதன் பின்னால் இருக்கும் நம்பிக்கை. பிறவிக் கணக்கை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் அந்தச் சொல் சரியாகவே இருக்கிறது. கொடுப்பதும் வைப்பதும் எதிரெதிர் வேலைகள் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். வைத்தால் என்னிடம் இருக்கும், கொடுத்தால் போய்விடும். விதை விஷயத்தில் கொடுப்பதுதான் வைப்பது. என் வீட்டுக் குடுக்கையில் இருப்பது பூத்துப்போகலாம். உன் வீட்டில் நான் கொடுத்து வைத்தது நிற்கும்.

நிலம் இல்லாத பாட்டிக்கு விதை என்னவாக இருந்தது என்று முன்னே கேட்டேன். உறவு என்றுதான் நினைக்கிறேன். நிலத்தில் போட்டு வைக்க அவருக்கு நிலம் இல்லை. மனுஷர்களிடம் போட்டு வைத்தார்.

விருந்தோம்பி மிச்சத்தைச் சாப்பிடுகிறவனின் நிலத்துக்கு விதை போடவும் வேண்டுமா என்று வள்ளுவர் ஒரு குறளில் கேட்கிறார். அவன் நிலம் தானாகவே விளையும் என்று உரையாசிரியர்கள் பொருள் சொல்கிறார்கள். எனக்கு அதில் அற்புதம் எதுவும் தேவைப்படவில்லை. அவனிடம் சாப்பிட்டவர்கள் வந்து விதைத்துவிட்டுப் போவார்கள். மாறனாரின் ஊர் அந்தக் குறள் பொய்த்துப்போன ஊர்.

தமிழ்நாட்டில் நெல் ஜெயராமன் இதை ஓர் ஏற்பாடாகவே செய்தார். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் 2006 முதல் அவர் நடத்திய நெல் திருவிழாவில், பாரம்பரிய நெல் விதை 2 கிலோ வாங்கிப் போகும் விவசாயி அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அந்த 4 கிலோ இன்னும் இரண்டு பேருக்குப் போகும். 2018 டிசம்பரில் அவர் இறந்தபோது 170க்கும் மேற்பட்ட நெல் வகைகள் இப்படி மீண்டிருந்தன. அவர் அவற்றை ஒரு குளிர்சாதன அறைக்குள் பூட்டியிருந்தால் அவரோடு அந்த வேலையும் நின்றிருக்கும். அது ஆயிரக்கணக்கான வயல்களில் இருந்தது.

*

இங்கே நீங்கள் இரண்டு கேள்விகள் கேட்கலாம். இரண்டும் நியாயமானவை.

ஒன்று: ஏழ்மையை அழகாக்குகிறாயா? பாட்டி விதை சேர்த்தது கடையில் வாங்கக் காசில்லாததால். பகிர்ந்தது வேறு வழியில்லாததால். வீரிய விதை வந்து விளைச்சலைக் கூட்டியது, நோயைத் தாங்கியது, காய்கறியை மலிவாக்கியது. இதை மறுப்பவன் சந்தைக்குப் போகாதவனாகத்தான் இருக்க வேண்டும். சுக்கினிப் பாக்கெட் வாங்கியவன் நான்தானே. லயத்து வாழ்க்கைக்குத் திரும்பிப் போகச் சொல்ல எனக்கு வாயும் இல்லை, விருப்பமும் இல்லை. ஆனால் ஒரு பழக்கம் வறுமையில் பிறந்ததாலேயே அது வறுமைக்கு மட்டும் சொந்தம் ஆகிவிடாது. காசு வந்த பிறகும் வைத்துக்கொள்ளத் தகுந்தது எது, விட்டுவிட வேண்டியது எது என்று பிரித்துப் பார்ப்பது நம் வேலை. தோட்டத்துச் சாராயத்தையும் விதைப் பகிர்வையும் ஒரே மூட்டையில் கட்டித் தூக்கி எறிய வேண்டியதில்லை.

இரண்டாவது கேள்வி இன்னும் கூர்மையானது: முன்னோர் கொடுத்ததெல்லாம் நல்லதா? 2015 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஹைடன்ஹைம் நகரில் 79 வயது முதியவர் ஒருவர், வீட்டுத் தோட்டத்தில் விளைந்த சுக்கினியைச் சமைத்துச் சாப்பிட்டு இறந்தார். காய் கசந்திருந்தது. குறைவாகச் சாப்பிட்ட அவர் மனைவி பிழைத்துக்கொண்டார். சுரை, சுக்கினி, வெள்ளரி குடும்பத்துக் காட்டுச் செடிகளில் குக்குர்பிட்டாசின் என்ற கசப்பு நஞ்சு உண்டு. மனிதர்கள் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கசக்காத காயின் விதையை மட்டும் எடுத்து எடுத்து அதை விரட்டினார்கள். ஆனால் பக்கத்துத் தோட்டத்து அலங்காரப் பூசணியின் மகரந்தம் தேனீ வழியாக வந்து சேர்ந்தால், அடுத்த தலைமுறையில் அந்த நஞ்சு திரும்பி வரலாம். சமைத்தாலும் அது போகாது. 2010இல் தில்லியில் ஒரு விஞ்ஞானி கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து இறந்தார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் குழு அமைத்து ஆராய்ந்து, கசந்தால் குடிக்காதீர்கள் என்று அறிவுரை வெளியிட்டது.

பாட்டிக்கு அந்த நஞ்சின் பெயர் தெரியாது. ஆனால் சுரைக்காயை நறுக்கியவுடன் நுனியில் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பார்க்காமல் சட்டியில் போட்டதில்லை. கசந்தால் துப்பிவிட்டுக் காயை எறிவார். அந்தக் கொடியில் விதைக்கு விடமாட்டார். யாருக்கும் கொடுக்கவும் மாட்டார்.

ஆக, விதையைக் கொடுப்பது மட்டும் போதாது. ருசி பார்த்துக் கொடுக்கணும். பரம்பரையாக வந்தது என்பது ஒரு காய் நல்லது என்பதற்குச் சான்று இல்லை. நமக்கு வந்த சாதி ஒரு விதை. நமக்கு வந்த தமிழும் ஒரு விதை. பெண் என்றால் இப்படித்தான் என்று சொல்லிக் கொடுத்ததும் விதைதான். ஒவ்வொரு தலைமுறையும் தன் நாக்கில் வைத்துப் பார்த்து, கசந்ததைத் துப்பிவிட்டு, மிச்சத்தை அடுத்த கைக்குக் கொடுக்க வேண்டும். துப்ப மறுக்கிறவனும் பாதுகாவலன் இல்லை, எல்லாவற்றையும் துப்புகிறவனும் புத்திசாலி இல்லை.

*

இவ்வளவும் வீட்டுப் பின்கட்டு விவகாரம் என்று தோன்றலாம். அப்படி இல்லை. மலேசியாவில் 2004ஆம் ஆண்டு புதிய தாவர வகைகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பதிவு செய்யப்பட்ட புது ரகத்தின் உரிமை அதை உருவாக்கியவருக்கு என்று சொல்லும் சட்டம். அது நியாயம்தான், உழைத்தவனுக்குக் கூலி வேண்டும். அதே சட்டம் சில விலக்குகளையும் தருகிறது. வணிக நோக்கமில்லாத சொந்தப் பயன்பாட்டுக்குத் தடையில்லை. சிறு விவசாயி தன் சொந்த நிலத்தில் விளைந்ததிலிருந்து மறுபடி விதைக்கலாம், மற்ற சிறு விவசாயிகளோடு நியாயமான அளவில் மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். 2022 நவம்பரில் சிபிடிபிபி வணிக ஒப்பந்தம் மலேசியாவில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி நாடு 1991ஆம் ஆண்டின் யுபோவ் உடன்படிக்கையில் சேர வேண்டும். அந்த உடன்படிக்கை விவசாயி தன் நிலத்தில் மறுபடி விதைப்பதை அரசுகள் விருப்பப்பட்டால் அனுமதிக்க இடம் தருகிறது. அடுத்த விவசாயிக்குக் கொடுப்பதற்கு அப்படி ஓர் இடம் அதில் இல்லை.

நம் பாட்டிமார்களின் சுரைக்கு இதனால் ஆபத்து இல்லை, அது யாரும் பதிவு செய்த ரகம் அல்ல. ஆனால் இந்தச் சட்டங்களுக்குள் இருக்கும் கற்பனையைப் பாருங்கள். வைத்துக்கொள்வது உரிமை, கொடுப்பது சந்தேகத்துக்குரியது. இந்த உலகத்தில் இனி விளையும் ரகங்களில் பெரும்பாலானவை பாக்கெட்டிலோ பதிவேட்டிலோதான் பிறக்கும் என்றால், கொடுத்து வைக்கத் தக்க விதை நம்மிடம் ஒவ்வொரு வருஷமும் குறைந்துகொண்டே வரும். அப்போது ஒரு ராத்திரி பசியோடு யாராவது வந்து நின்றால், நாமும் அந்த அம்மாவைப் போல, இனித் தருவார் இல்லை என்று சொல்ல வேண்டி வரும்.

சுக்கினி ஆசை இருந்தால் போடுங்கள். எஃப்1 இல்லாத விதையும் கிடைக்கிறது, தேடினால். விதைக்கு விட நினைத்தால், மறுநாள் மலரப்போகும் ஆண் பூவையும் பெண் பூவையும் முந்தின சாயங்காலமே நூலால் கட்டி வையுங்கள். காலையில் கட்டை அவிழ்த்து நீங்களே மகரந்தம் தொட்டு வைத்துவிட்டு, பெண் பூவை மறுபடி கட்டிவிடுங்கள். தேனீ வேறெதையும் கொண்டு வந்து சேர்க்காது. சுரை போடுகிறவர்களுக்கு இன்னும் சுலபம், அது நம் வெயிலுக்குப் பழகிய கொடி. காம்பில் ஒரு துணி கட்டுங்கள். வருகிற விதையில் நாலைந்தை நீங்கள் வைத்துக்கொண்டால் போதும். மீதியை மூன்று வீடுகளுக்காவது கொடுத்துவிடுங்கள். அதில் ஒரு வீடாவது உங்கள் சாதியில்லாத, உங்கள் மொழி பேசாத வீடாக இருக்கட்டும். கொடுக்கும்போது, நறுக்கினதும் நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல்ல மறந்துவிடாதீர்கள்.